அந்நிய மண்ணில் பெரும் பண்ணை: கம்பெல்லா புகட்டும் பாடம்

பணம் இருந்தால் உணவை எங்கிருந்தும் வாங்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை 2008 ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஆட்டங்கண்டது. அதற்கு ஓராண்டுக்கு முன்னர் ஒரு மெட்ரிக் தொன் முந்நூறு டொலர் அளவில் விற்கப்பட்ட தாய்லாந்து அரிசி, அவ்வாண்டு ஏப்ரல், மே மாதங்களில் ஆயிரம் டொலர் வரை சென்றது. இந்தியா பாஸ்மதி அல்லாத அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. வியட்நாம் கட்டுப்பாடுகளை விதித்தது. ஹெயிட்டியில் மக்கள் வீதியில் இறங்கியதைத் தொடர்ந்து பிரதமர் பதவி இழந்தார். கையில் பணத்தை வைத்துக்கொண்டு விற்பனையாளரைத் தேடியலைய வேண்டிய நிலைமை செல்வந்த நாடுகளுக்கும் ஏற்பட்டது.

அந்த அச்சத்திலிருந்தே ஒரு புதிய சிந்தனை வேகம் பெற்றது. சந்தையை நம்புவதைக் காட்டிலும், நிலம் மலிவாகக் கிடைக்கும் பிறிதொரு நாட்டில் பல்லாயிரம் ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, புல்டோசரையும் உழவு இயந்திரத்தையும் அறுவடை இயந்திரத்தையும் இறக்கி, விளைவதைக் கப்பலேற்றி வீட்டுக்குக் கொண்டுவருவது மேலானது என்பதே அச்சிந்தனையாகும். வளைகுடா அரசுகள், தென்கொரியக் கம்பனிகள், இந்திய முதலீட்டாளர்கள், ஐரோப்பிய நிதியங்கள் எனப் பல தரப்பினரும் இதில் இறங்கினர். 2010 செப்டெம்பரில் உலக வங்கி வெளியிட்ட ஆய்வின்படி, 2009 முடிவதற்கு முன்னரே ஏறத்தாழ 56 மில்லியன் ஹெக்டேயர் நிலம் தொடர்பான பேரங்கள் அறிவிக்கப்பட்டிருந்தன. இவற்றில் எழுபது சதவீதத்துக்கும் மேற்பட்டவை ஆபிரிக்காவைக் குறிவைத்தவை. ஆனால், அறிவிக்கப்பட்ட திட்டங்களில் 21 சதவீதத்தில் மாத்திரமே பயிர்ச்செய்கை தொடங்கியிருந்தது என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்திருந்தது. எஞ்சிய திட்டங்களுக்கு என்ன நேர்ந்தது என்ற கேள்வியே இன்று நாம் ஆராய வேண்டியதாகும்.

இப்போட்டியில் சவூதி அரேபியாவின் நிலைப்பாடு தனித்துக் கவனிக்கத்தக்கது. எண்ணெய் வருமானத்தைக் கொண்டு பாலைவனத்தில் கோதுமை விளைவித்து, 1990 களின் தொடக்கத்தில் உலகின் முன்னணி ஏற்றுமதி நாடுகளுள் ஒன்றாக அந்நாடு விளங்கியது. ஆனால், அக்கோதுமை நிலத்தின் ஆழத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தேங்கியிருந்த, மீண்டும் நிரம்பாத நீரை உறிஞ்சி விளைந்ததாகும். நீர் வற்றத் தொடங்கியதும், உள்ளூர்க் கோதுமைக் கொள்வனவை ஆண்டுதோறும் 12.5 சதவீதத்தால் குறைத்து 2016 இல் முற்றாக நிறுத்துவதென 2008 இல் தீர்மானிக்கப்பட்டது. அதே ஆண்டிலேயே, வெளிநாடுகளில் விவசாய முதலீட்டை ஊக்குவிப்பதற்கான மன்னர் அப்துல்லாஹ்வின் திட்டமும் அறிவிக்கப்பட்டது. எனவே, நிலத்தைத் தேடி வெளியே சென்றவர்கள் உண்மையில் தேடியது நீரையே எனலாம்.

இவ்வேட்டையில் முதலாவது அரசியல் பூகம்பம் மடகஸ்காரில் நிகழ்ந்தது. தென்கொரியாவின் டேவூ லொஜிஸ்டிக்ஸ் கம்பனி அத்தீவில் 1.3 மில்லியன் ஹெக்டேயர் நிலத்தை 99 வருடக் குத்தகைக்குப் பெற்று, சோளமும் எண்ணெய்ப் பனையும் பயிரிடவிருப்பதாக 2008 நவம்பரில் பைனான்சியல் டைம்ஸ் பத்திரிகை செய்தி வெளியிட்டது. நாட்டின் பயிர்ச்செய்கை நிலத்தில் ஏறத்தாழ அரைவாசிக்கு ஈடான பரப்பளவு அது. நிலத்துக்கென வாடகை எதுவும் செலுத்தப்பட மாட்டாது, வேலைவாய்ப்பும் வீதி போன்ற வசதிகளுமே பிரதியுபகாரம் என்ற தகவல் எரியும் நெருப்பில் எண்ணெயை ஊற்றியது. மடகஸ்கார் மக்களுக்கு நிலம் என்பது மூதாதையர் உறங்கும் மண். அதனை அந்நியருக்குத் தாரைவார்ப்பதாக எழுந்த சினம், ஏற்கனவே வளர்ந்திருந்த அரசியல் அதிருப்தியுடன் கலந்தது. 2009 மார்ச்சில் ஜனாதிபதி மார்க் ரவலோமனானா பதவி துறந்தார். இராணுவத்தின் ஆதரவுடன் அதிகாரத்துக்கு வந்த அன்ட்ரி ராஜோலினா முதலில் அறிவித்தவற்றுள் ஒன்று அந்தப் பேரத்தின் இரத்து. ஒரு சோள விதையேனும் மண்ணில் விழுவதற்கு முன்னரே ஓர் ஆட்சி விழுந்துவிட்டது.

எனினும், விதை விழுந்த இடத்தில் நிகழ்ந்தது என்ன என்பதை அறிவதற்கு எதியோப்பியாவின் கம்பெல்லா மாநிலத்துக்கே செல்ல வேண்டும். நாட்டின் மேற்கெல்லையில், தென்சூடானை ஒட்டி அமைந்துள்ள தாழ்நிலப் பிரதேசம் அது. பாரோ ஆறு அதன் ஊடாகப் பாய்ந்து, இறுதியில் வெள்ளை நைல் நதியுடன் கலக்கிறது. அனுவாக் இன மக்கள் ஆற்றங்கரையில் சோளம் பயிரிட்டும் மீன்பிடித்தும் வாழ்பவர்கள். நுவர் இன மக்கள் பெரும்பாலும் மந்தை மேய்ப்பவர்கள். மழைக்காலத்தில் ஆறு பெருகிக் கரையை மூடும். வெள்ளம் வடிந்த ஈரமண்ணில் விதைப்பது அனுவாக் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டுவரும் முறை. ஓரிடத்தில் சில போகம் பயிரிட்ட பின்னர் அதனைக் காடாக விட்டு வேறிடம் செல்வதும் அவர்களது வழக்கம். நம் நாட்டின் சேனைப் பயிர்ச்செய்கையை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அடிஸ் அபாபாவிலிருந்து நோக்கியவர்களின் கண்ணுக்கோ இது ஆளில்லா வெற்று நிலமாகவே தென்பட்டது. 1975 ஆம் ஆண்டு முதல் எதியோப்பியாவில் நிலம் முழுவதும் அரசுக்குரியது. விவசாயிக்கு இருப்பது பயன்படுத்தும் உரிமை மாத்திரமே. பிரதமர் மெலஸ் செனாவியின் அரசாங்கம், வெளிநாட்டு மூலதனத்தைக் கொண்டு அந்நியச் செலாவணியை ஈட்டும் நோக்கில், தாழ்நில மாநிலங்களில் இலட்சக்கணக்கான ஹெக்டேயரை முதலீட்டாளர்களுக்கென ஒதுக்கியது. இந்தியாவின் பெங்களூரைத் தலைமையகமாகக் கொண்ட கருதூரி குளோபல் கம்பனி இவ்வழைப்பை ஏற்றது. ரோஜா மலர் ஏற்றுமதியில் உலகின் முன்னணியில் நின்ற அக்கம்பனிக்கு எதியோப்பியாவிலும் கென்யாவிலும் மலர்ப் பண்ணைகள் இருந்தன. ஆரம்பத்தில் 300,000 ஹெக்டேயர் பற்றிப் பேசப்பட்டு, 2010 இல் செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தத்தில் 100,000 ஹெக்டேயர் உறுதிப்படுத்தப்பட்டது. வருட வாடகை ஹெக்டேயருக்கு 20 பிர். அன்றைய நாணய மாற்று வீதத்தில் இது ஒன்றரை அமெரிக்க டொலருக்கும் குறைவானது.

கண்ணாடிக் கூரையின் கீழ் மலர் வளர்ப்பதும் திறந்தவெளியில் தானியம் விளைவிப்பதும் ஒரே தொழில் அல்ல என்பதைக் கம்பனி விரைவிலேயே உணர நேர்ந்தது. கம்பெல்லாவின் தாழ்நிலத்தில் கனமான கரிசல் மண் பரந்து கிடக்கிறது. வரட்சியில் அது பாறையாக இறுகும். மழையில் சேறாகி இயந்திரத்தின் சில்லை விழுங்கும். உழுது விதைப்பதற்கு உகந்த நாட்கள் மிகச் சிலவே. அந்நாட்களில் ஓர் உழவு இயந்திரம் பழுதடைந்து, அதன் உதிரிப்பாகம் வந்துசேரத் தாமதமானால், போகமே கைநழுவிவிடும். எதியோப்பியாவுக்கெனச் சொந்தத் துறைமுகம் கிடையாது. கம்பெல்லாவிலிருந்து ஜிபூட்டித் துறைமுகம் தரைவழியாக 1,500 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. எரிபொருளும் உரமும் அவ்வழியே வரவேண்டும். விளைந்த தானியம் அவ்வழியே போகவேண்டும். சோளம் போன்ற எடைகூடிய, விலைகுறைந்த பண்டத்துக்கு இப்போக்குவரத்துச் செலவு இலாபத்தை விழுங்கப் போதுமானது. குத்தகை ஒன்றரை டொலர் என்பது மலிவாகத் தோன்றினாலும், பண்ணைச் செலவில் நிலவாடகை மிகச் சிறிய கூறு என்பதை அந்த மலிவு மறைத்துவிட்டது.

2011 இல் பாரோ ஆறு பெருகியது. கம்பனி எழுப்பியிருந்த மண் அணைகளைக் கடந்து வெள்ளம் வயலுக்குள் புகுந்து, அறுவடையை எதிர்நோக்கியிருந்த சோளத்தின் பெரும்பகுதியை அழித்தது. அனுவாக் விவசாயிக்கு வெள்ளம் என்பது விதைப்புக்கான முன்னறிவித்தல். அதே வெள்ளம் முதலீட்டாளருக்குப் பேரிடரானது. ஆற்றின் குணத்தை அறிந்திருந்த மனிதர்கள் பக்கத்திலேயே இருந்தனர். ஆனால், அவர்களது அறிவுக்குத் திட்டத்தில் இடமிருக்கவில்லை.

அவர்களுக்கே இடமிருக்கவில்லை என்பதுதான் இதனிலும் பாரதூரமானது. கம்பெல்லாவில் சிதறி வாழும் சுமார் 45,000 குடும்பங்களை மூன்று வருட காலத்தில் புதிய கிராமங்களில் குடியேற்றும் திட்டமொன்றை அரசாங்கம் 2010 இல் ஆரம்பித்தது. பாடசாலையும் வைத்தியசாலையும் குடிநீரும் வழங்குவதே நோக்கம், இடப்பெயர்வு விருப்பத்தின் பேரிலானது, முதலீட்டுடன் இதற்குத் தொடர்பில்லை என அரசு கூறியது. பலவந்தமும் மிரட்டலும் பிரயோகிக்கப்பட்டதாகவும், வாக்களிக்கப்பட்ட வசதிகள் பல இடங்களில் கிடைக்கவில்லை எனவும் 2012 ஜனவரியில் மனித உரிமைகள் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கை தெரிவித்தது. 2003 டிசம்பரில் கம்பெல்லா நகரில் நூற்றுக்கணக்கான அனுவாக் மக்கள் கொல்லப்பட்ட வடு ஆறாத பிரதேசம் அது. 2012 ஏப்ரலில், சவூதி கோடீஸ்வரர் முஹம்மத் அல் அமூதிக்குச் சொந்தமான நெற்பண்ணையின் முகாம் ஆயுததாரிகளால் தாக்கப்பட்டது. குறைந்தது ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். கூலிக்கு வந்த அத்தொழிலாளர்கள் எந்த ஒப்பந்தத்திலும் கையொப்பமிட்டவர்கள் அல்லர்.

கருதூரியின் கதை அதன்பின் நீண்டகாலம் நீடிக்கவில்லை. கடன் சுமை பெருகியது. 2014 இல் கென்யாவிலிருந்த மலர்ப் பண்ணை வங்கி நியமித்த நிர்வாகியின் பொறுப்புக்குச் சென்றது. 2015 டிசம்பரில், ஒப்புக்கொண்டவாறு நிலம் அபிவிருத்தி செய்யப்படவில்லை எனக் காரணங்காட்டி எதியோப்பிய அரசு கம்பெல்லாக் குத்தகையை இரத்துச் செய்தது. கம்பனி அதனை ஏற்க மறுத்து வாதிட்டது. யார் மீது தவறு என்பது அவ்விரு தரப்பினருக்கும் இடையிலான வழக்கு. வெட்டப்பட்ட காட்டுக்கும் மேய்ச்சலை இழந்த மந்தைக்கும் அந்த வழக்கில் இடமில்லை.

இது முன்னொருபோதும் நிகழாத அனுபவம் என எவரும் கூறமுடியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் எண்ணெய், கொழுப்புப் பஞ்சத்தில் தவித்த பிரிட்டன், இன்றைய தன்சானியாவான தங்கனீக்காவில் 3.25 மில்லியன் ஏக்கரில் இயந்திர முறையில் நிலக்கடலை பயிரிடத் திட்டமிட்டது. மதிப்பீடு 25 மில்லியன் பவுண். சில வாரங்களே நீடித்த ஆய்வை நம்பி 1947 இல் வேலை தொடங்கியது. பிலிப்பைன்ஸில் கைவிடப்பட்டிருந்த போர்க்கால உழவு இயந்திரங்கள் வரவழைக்கப்பட்டன. ஷேர்மன் யுத்த தாங்கிகள் காடழிக்கும் இயந்திரங்களாக மாற்றப்பட்டன. பருத்த பெருக்க மரங்களும் அவற்றின் வேர்ப்பின்னலும் இயந்திரங்களை முறித்தன. கொங்வாவின் களிமண் வெயிலில் சீமெந்தாக இறுகியதால், விளைந்த கடலையையும் நிலத்திலிருந்து பிரித்தெடுக்க முடியவில்லை. போதிய மழையும் பெய்யவில்லை. 1951 ஜனவரியில் திட்டம் கைவிடப்பட்டபோது 36 மில்லியன் பவுண் வரை வீணாகியிருந்தது. கம்பெல்லாவுக்கு நிலம் தேடிச் சென்றவர்கள் கொங்வாவின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்திருந்தால் பெருந்தொகைப் பணம் மிஞ்சியிருக்கும்.

அனுபவமற்றவர்கள் இறங்கியதாலேயே தோல்வி நேர்ந்தது என வாதிடுவோர் உண்டு. அவ்வாதத்துக்கு நைஜீரியாவின் ஷொங்கா பதிலளிக்கிறது. ஸிம்பாப்வேயில் 2000 ஆம் ஆண்டின் பின்னர் நிலங்கள் பறிக்கப்பட்ட வெள்ளையின விவசாயிகளுள் பதின்மூவரை, குவாரா மாநில ஆளுநர் புகோலா சராகி அழைத்துவந்து, 2005 இல் நைஜர் ஆற்றங்கரையில் தலா ஆயிரம் ஹெக்டேயரை 25 வருடக் குத்தகைக்கு வழங்கினார். இவர்கள் இயந்திர விவசாயத்தில் தலைமுறை அனுபவம் உடையவர்கள். வீதி, மின்சாரம், கடன் உத்தரவாதம் ஆகியவற்றில் மாநில அரசே முன்னின்றது. அவ்வாறிருந்தும் சோளமும் சோயாவும் நெல்லும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. வங்கிக்கடன் தாமதமாக வந்தது, மழை அவ்வாறு காத்திருக்கவில்லை. காலப்போக்கில் பலரும் பாற்பண்ணைக்கும் கோழி வளர்ப்புக்கும் திரும்பினர். திறமை மாத்திரம் போதாது, அத்திறமையைத் தாங்கும் கடன், விதை, ஆராய்ச்சி, சந்தை என்ற கட்டமைப்பும் வேண்டும் என்பதே ஷொங்கா காட்டிய உண்மை. அங்கும் இடம்பெயர்க்கப்பட்ட உள்ளூர் விவசாயக் குடும்பங்கள் இருந்தன என்பதையும் மறந்துவிடலாகாது.

வெற்றி எங்கேனும் கிட்டியதா எனில், பிரேசிலின் செராடோ சமவெளியைக் குறிப்பிடலாம். அமிலத்தன்மை மிகுந்து, பயனற்றதெனத் தள்ளப்பட்டிருந்த அப்பரப்பு, இன்று உலகின் சோயாக் களஞ்சியங்களுள் ஒன்று. ஜப்பான் அதற்கு 1979 முதல் நிதியுதவி வழங்கியது. ஆயினும், 1973 இல் நிறுவப்பட்ட பிரேசிலின் எம்பிராப்பா ஆராய்ச்சி நிறுவனம் மண்ணுக்குச் சுண்ணாம்பிடும் முறையையும் வெப்பவலயத்துக்கேற்ற சோயா இனங்களையும் கண்டறியப் பல வருடங்களை ஒதுக்கியதே அடிப்படை. வெட்டப்பட்ட இயற்கைத் தாவரப் பரப்பு அவ்வெற்றிக்குக் கொடுக்கப்பட்ட விலை. அதே மாதிரியை மொசாம்பிக்கின் நகாலா பிரதேசத்தில் நடுவதற்கு ஜப்பானும் பிரேசிலும் இணைந்து முன்னெடுத்த புரோசவானா திட்டம், அந்நிலத்தில் ஏற்கனவே இலட்சக்கணக்கான சிறு விவசாயிகள் வாழ்ந்துகொண்டிருந்த காரணத்தால் கடும் எதிர்ப்பைச் சந்தித்து, 2020 இல் முடிவுக்கு வந்தது.

இவையனைத்துக்கும் அடியில் ஒரு முரண்பாடு உள்ளது. அந்நிய மண்ணில் பண்ணை அமைப்பதன் நோக்கம் நெருக்கடிக் காலத்தில் உணவை உறுதிப்படுத்துவது. ஆனால், நெருக்கடி வரும்போது விருந்தளித்த நாட்டு மக்களும் பசித்திருப்பர். தமது மக்கள் வரிசையில் நிற்கையில் வெளிநாட்டுக் கம்பனியின் தானிய லொறிகள் துறைமுகம் நோக்கிச் செல்வதை எந்த அரசாங்கம் அனுமதிக்கும்? 2008 இல் இந்தியா செய்ததையே அந்நாடும் செய்யும். அதே இந்தியா 2023 ஜூலையில் வெள்ளை அரிசி ஏற்றுமதியை மீண்டும் தடை செய்து, 2024 செப்டெம்பரிலேயே அத்தடையை நீக்கியமை நினைவிருக்கலாம். சந்தையின் கதவு மூடப்படும் நாளில் பண்ணையின் கதவும் மூடப்படும் எனில், பண்ணை எதற்கு?

சவூதி அரேபியா இதனை உணர்ந்திருப்பதாகவே தெரிகிறது. அதன் அரச விவசாய முதலீட்டுக் கம்பனியான சாலிக், 2015 இல் அமெரிக்காவின் பங்கி நிறுவனத்துடன் இணைந்து கனேடிய கோதுமைச் சபையின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. 2022 இல் சிங்கப்பூரின் ஓலம் அக்ரி நிறுவனத்தில் மூன்றிலொன்றுக்கும் கூடுதலான பங்கைப் பெற்றுக்கொண்டது. நிலத்தை விடுத்துத் தானியக் களஞ்சியத்தையும் வர்த்தக வலையமைப்பையும் கைப்பற்றுவதே புதிய உத்தி. செல்வந்த நாட்டிலும் நிலமும் நீரும் அரசியலாகும் என்பதற்கு அமெரிக்காவின் அரிசோனா சான்று. அங்கு கால்நடைத் தீவனம் விளைவித்து சவூதிக்கு அனுப்பிவந்த அல்மராய் கம்பனியின் துணை நிறுவனத்துக்கு வழங்கப்பட்டிருந்த பட்லர் பள்ளத்தாக்கின் அரச நிலக் குத்தகைகளுக்கு, நிலத்தடி நீர் பற்றிய சர்ச்சையைத் தொடர்ந்து, 2023 ஒக்டோபரில் மாநில ஆளுநர் முற்றுப்புள்ளி வைத்தார்.

இதனைக் கொண்டு ஆபிரிக்க விவசாயத்துக்கு மூலதனமே வேண்டாம் என்ற முடிவுக்கு வருவது தவறாகும். அங்கு விளைச்சல் தாழ்ந்திருப்பதற்கு நீர்ப்பாசனமின்மை, வீதியின்மை, விதையும் கடனும் கிட்டாமை என்பன காரணங்கள். அவற்றைத் தீர்க்கப் பணம் வேண்டும். கேள்வி யாதெனில், அப்பணம் விவசாயியை அகற்றிவிட்டு வருகிறதா, அவனோடு சேர்ந்து வருகிறதா என்பதே. சில நூறு ஹெக்டேயரில் பல போகங்கள் பரீட்சித்த பின்னர் விரிவடைவது, உழவையும் களஞ்சியத்தையும் சந்தையையும் கம்பனி பொறுப்பேற்று நிலத்தை விவசாயியிடமே விட்டு விளைச்சலை ஒப்பந்த விலையில் வாங்குவது, எவர் எந்த நிலத்தைப் பயன்படுத்துகின்றனர் என்பதை முன்கூட்டியே வரைபடமாக்கி அவர்களது சம்மதத்தைப் பெறுவது ஆகிய வழிகள் உள்ளன. 2012 மே மாதத்தில் உலக உணவுப் பாதுகாப்புக் குழு அங்கீகரித்த நில உரிமை தொடர்பான வழிகாட்டு நெறிகளும், வழமையான பயன்பாட்டு உரிமையைப் பதிவுகள் இல்லாதபோதும் மதிக்க வேண்டும் என்றே வலியுறுத்துகின்றன. ஆனால், அவை தன்னார்வ நெறிகள், மீறுவோரைத் தண்டிக்க எவருமில்லை.

இவை தொலைதூர நாடுகளின் விவகாரங்கள் என இலங்கை வாசகர்கள் ஒதுக்கிவிட முடியாது. காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் உள்ள நிலமெல்லாம், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியது எனப் பிரிட்டிஷ் ஆட்சி 1840 இல் இங்கு சட்டமியற்றியது. கண்டிய விவசாயி சேனைக்கும் மேய்ச்சலுக்கும் பயன்படுத்திய மேட்டுநிலம் அச்சட்டத்தின் கண்ணுக்கு வெற்று நிலமாகவே தோன்றியது. கோப்பித் தோட்டக்காரர்களுக்கு அதற்கு முன்னரே ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்கு நிலம் விற்கப்பட்டு வந்தது. அத்தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் சந்ததியினர் இன்றும் ஒரு துண்டுக் காணிக்காகக் குரலெழுப்புகின்றனர். நிலத்தை இழந்தவனும் அந்நிலத்தில் உழைத்தவனும் ஒருங்கே ஏமாற்றப்பட்ட வரலாறு அது. வெளிநாட்டவருக்குக் காணியை உரித்தாக்குவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் மட்டுப்படுத்துகின்ற போதிலும், 99 வருடங்கள் வரையிலான நீண்டகாலக் குத்தகைக்கு அதிலும் வழியுண்டு.

முதலீட்டை நாடி நிற்கும் எந்த நாட்டிலும் 'பயன்படுத்தப்படாத நிலம்' என்ற சொல் அரச ஆவணங்களில் இடம்பெறும்போது, கேட்கப்பட வேண்டிய முதலாவது கேள்வி, யாருடைய கண்ணுக்கு அது பயன்படாமல் கிடக்கிறது என்பதாகும். அக்கேள்வியை ஒப்பந்தம் கைச்சாத்திடப்படுவதற்கு முன்னர் கேட்டால் விவசாயியும் தப்புவான், முதலீட்டாளரும் தப்புவார். பின்னர் கேட்டால் எஞ்சுவது துருப்பிடித்த இயந்திரங்களும் தீராத வழக்குகளுமே.